கேரேஜையும் பழைய காரையும் சேர்த்துப் புதுப்பிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

1960-களில் வந்த நாலு கதவு சலூன் ஒன்றை நான் பிரித்துப் போட்ட அதே மாதத்தில்தான் கேரேஜின் தரை, கூரை வேலையையும் தொடங்கினேன். இரண்டையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதே என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். காரில் ஒரு கோளாறு தெரியும், நாள் கணக்கில் காரையே நோண்டுவேன், கடைசியில் பார்த்தால் காரணம் சுவரிலோ தரையிலோ இருக்கும். துருப்பிடிக்கிறதே என்று பிரைமரை மாற்றினேன், தரையைக் கழுவிய ஆசிட்தான் அந்த வேலையைச் செய்திருந்தது. கதவு மூடவில்லை என்று கீலைக் கழற்றினேன், தரையில் ஒரு மூலை தாழ்ந்திருந்தது.

அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் முதலில் கேரேஜைப் பார்த்துவிட்டு அப்புறம் காருக்கு வருகிறேன். செலவில்லாத காரணம் முதலில், பையைக் காலி செய்வது கடைசியில்.

## தேய்த்த தகடு விடிவதற்குள் பழுப்பேறிவிட்டது

பழுப்பு எந்த வடிவத்தில் வந்திருக்கிறது என்று வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

விரல் தடம் மாதிரி இருந்தால்: கை வியர்வையின் உப்பு. உப்புத்தாள் போட்டு முடித்த தகட்டை வெறுங்கையால் தடவிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. நைட்ரைல் கையுறை போடுங்கள், எண்ணெய் நீக்கும் கரைப்பானால் துடையுங்கள், அன்றைக்கே பிரைமர் அடியுங்கள்.

தகடு முழுக்க ஒரே சீராக இருந்தால்: காற்றில் ஈரம். சின்ன ஈரமானி ஒன்றைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து மாலையிலும் விடியற்காலையிலும் பாருங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் இரும்பு தாக்குப்பிடிக்காது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் அல்லது கேஸ் ஹீட்டர் ஓடுகிறதா? ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளேயே நிற்கும். குளிருக்குப் போட்ட ஹீட்டரே தகட்டை நனைக்கிறது. அதை நிறுத்திவிட்டு மின் ஹீட்டர் வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் தரை. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

தகடு மட்டுமல்ல, ஸ்பேனர், வைஸ், டிரில் பிட் எல்லாமே ஒரே இரவில் துருவேறியிருந்தால்: ஆசிட். இதில் நான் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். தரையில் எபாக்சி போடுவதற்கு முன் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் கழுவினேன். தேய்த்து வைத்த இரண்டு கதவுகளும் மறு மூலையில், துணி போர்த்தித்தான் இருந்தன. ஆசிட் ஆவிக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை. காலையில் கதவு மட்டுமல்ல, மூடியிருந்த டூல் பெட்டிக்குள்ளும் ஆரஞ்சுப் பொடி. இப்படி ஆகிவிட்டால் ஷட்டரைத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள், சோடா உப்புக் கரைசலால் தரையை நனைத்து இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இரும்புச் சாமான் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தகட்டை மறுபடி தேய்ப்பது தவிர வேறு வழியில்லை. இன்னும் தரை வேலை தொடங்காதவர்களுக்கு: ஆசிட் வேண்டாம், தூசி உறிஞ்சியோடு கூடிய தரை கிரைண்டரை வாடகைக்கு எடுங்கள். ஆசிட்தான் என்றால் இரும்பு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, காரும் சேர்த்து.

பிரைமர் அடித்த பிறகும் கீழிருந்து துரு எட்டிப் பார்த்தால்: எந்தப் பிரைமர் என்று டப்பாவைப் பாருங்கள். மேடு பள்ளம் நிரப்பும் சர்ஃபேசர் வகை தண்ணீரை உள்ளே விடும். அதை மட்டும் அடித்து மாதக்கணக்கில் காரை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். வெறும் தகட்டுக்கு முதலில் எபாக்சி பிரைமர், அதன் மேல்தான் மற்றவை. பட்டியும் தண்ணீரை உறிஞ்சும், அதைத் திறந்தபடி விட்டு வைக்காதீர்கள்.

வெல்டரைக் கூப்பிட வேண்டிய இடம்: துருப் புள்ளியை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது அது உள்ளே போனால். துருமாற்றித் திரவமெல்லாம் மேல்துருவுக்குத்தான். ஓட்டையை அது அடைக்காது.

## காலையில் தரை நனைந்திருக்கிறது

பாலித்தீன் சோதனையை முதலில் செய்யுங்கள். 45 செ.மீ. சதுரத்தில் ஒரு தாளை வெட்டி, காய்ந்த தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதற்கு முன் எதையும் வாங்காதீர்கள்.

தாளின் மேல் ஈரம்: வெளியிலிருந்து வந்த ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கிறது. புழுக்கமான நேரத்தில் ஷட்டரை மூடி வையுங்கள், வெளியே காற்று காய்ந்திருக்கும் நேரத்தில் திறங்கள். இது போதவில்லையென்றால் ஈரம் உறிஞ்சும் கருவி, அதுவும் போதவில்லையென்றால் கூரைக்கும் ஷட்டருக்கும் வெப்பக் காப்பு.

தாளின் கீழ் ஈரம், அல்லது தாளுக்கு அடியில் மட்டும் கான்கிரீட் கறுத்திருந்தால்: மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. வெளியே போய்ச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிமண் உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா? கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? மண்ணை வெட்டித் தாழ்த்துவதும் குழாயை நீட்டிவிடுவதும் அரை நாள் வேலை. என் கேரேஜில் முக்கால்வாசி ஓதம் அதிலேயே போனது. மிச்சம் இருந்தால் ஈரம் தடுக்கும் எபாக்சிப் பூச்சு. அதற்கும் அடங்காவிட்டால் தரையை உடைத்து அடியில் பாலித்தீன் விரித்துப் புதுக் கான்கிரீட் போட வேண்டும். அது கொத்தனார் வேலை, கார் வெளியேதான் நிற்க வேண்டும்.

சுவர் ஓரத்தில் வெள்ளைப் பொடி: உப்புப் பூத்திருக்கிறது. பெயிண்ட் அடித்து மறைத்தால் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு திரும்ப வரும். மேலே சொன்ன வெளிச்சுற்று நடைதான் இதற்கும்.

காருக்கு அடியில் ஒரே இடத்தில்: அது தரையின் தண்ணீர் இல்லை. வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வைத்து மறுநாள் பாருங்கள். பச்சை அல்லது ஆரஞ்சு என்றால் ரேடியேட்டர் பக்கம், கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், சக்கரத்துக்குப் பின்னால் வெளிறிய வழவழப்பு என்றால் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் புது பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கூரையிலிருந்து சொட்டினால்: இரும்புத் தகட்டுக் கூரையில் மழை இல்லாத காலையிலும் சொட்டுகிறதென்றால் அதுவும் வியர்வைதான். மழையில் மட்டும் என்றால் போல்ட்டுகளின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். பழைய சிமென்ட் ஷீட்டாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். அதில் துளை போடுவது, அறுப்பது, பிரஷர் வாஷர் அடிப்பது எதுவும் கூடாது. கழற்றுவதற்கு அந்த அனுமதி உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

## தரைப் பெயிண்ட் டயரோடு உரிந்து வருகிறது

உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கான்கிரீட் பொடி ஒட்டியிருந்தால் தரையின் மேல்தோல் பலவீனம், கிரைண்டர் போடாமல் அடித்திருக்கிறார்கள். அடி வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய்க் கறையோ ஈரமோ. வெறும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: முத்தாக நின்றால் எதுவும் ஒட்டாது, உறிஞ்சினால் அடிக்கலாம். புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் பொறுங்கள். பொறுக்காதவர்கள்தான் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள், நான் உட்பட.

## கம்ப்ரசர் கிளம்பும்போது கரண்ட் போகிறது

போர்டில் எது விழுகிறது என்று பாருங்கள்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) விழுந்தால்: மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். முதலில் நீட்சி வயரை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். மெல்லிய, நீளமான வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். சுருளாகக் கிடந்தால் சூடேறி உருகும். வயரைக் குறைத்து காற்று ஓஸை நீட்டுவதுதான் சரி. அடுத்து டேங்கில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு ஓட்டுங்கள். காலியாக இருக்கும்போது கிளம்பி, காற்று இருக்கும்போது திணறினால் மோட்டாரில் குறையில்லை. நிற்கும்போது வழக்கமாக ஒரு ‘புஸ்’ சத்தம் வரும். அது வரவே இல்லையென்றால் அன்லோடர் வால்வு (நிற்கும்போது குழாய்க் காற்றை வெளியேற்றுவது), நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் செக் வால்வு (டேங்கின் காற்று திரும்பி வராமல் தடுப்பது). இரண்டும் சின்னப் பாகங்கள், டேங்கில் காற்றே இல்லாதபோது மாற்றலாம். காலியாக இருந்தும் ‘ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றால் கப்பாசிட்டர், அதற்கு அப்புறம் மோட்டார்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் எம்சிபி வகையைப் பாருங்கள். பி வகை அதன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும். மாற்றலாமா என்பதை எலெக்ட்ரீஷியன் வயரின் கனத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய ஆம்பியர் எம்சிபியை நீங்களே மாட்டினால் கம்ப்ரசர் ஓடும், சுவருக்குள் வயர் எரியும்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுந்தால்: எங்கோ கரண்ட் கசிகிறது. கம்ப்ரசரைக் கழற்றி வேறு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதற்கும் விழுந்தால் அந்தச் சுற்றில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஈரச் சுவரில் புதைத்த பெட்டிகளில் இது சகஜம். ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுக்காதீர்கள். இந்த இடத்தில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

## அடித்த பெயிண்டில் கண் விழுகிறது, கொப்பளிக்கிறது, வெளுக்கிறது

வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி ஓடினால்: சிலிகான் அல்லது எண்ணெய். டயர் பாலிஷ், கீலுக்கு அடித்த ஸ்பிரே, எல்லாம் சந்தேகக் கேஸ். நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆன காரணம் வேறு: ஜன்னல் இடுக்கில் சிலிகான் அடைத்தபோது போட்ட அதே கையுறையோடு பானெட்டைத் துடைத்திருக்கிறேன். கட்டட வேலைத் துணியும் கார் வேலைத் துணியும் தனித்தனியாக இருக்கட்டும்.

சின்னச் சின்னக் கொப்புளம்: காற்றுக் குழாயில் தண்ணீர். டேங்கின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். ஃபில்டர் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டியிருந்தால் பயனில்லை. சூடான காற்று குளிர்ந்த பிறகுதான் தண்ணீரை விடும், எனவே 7, 8 மீட்டர் குழாய்க்குப் பிறகு மாட்டுங்கள். குழாய் கம்ப்ரசர் பக்கமோ வடிகால் பக்கமோ சரிந்து ஓட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய பிவிசி மிச்சம் இருக்கிறதே என்று காற்றுக்குப் போடாதீர்கள், அது வெடித்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி பறக்கும்.

பால் மாதிரி வெளுத்தால்: ஈரப்பதம் அதிகமான நாளில் சீக்கிரம் காயும் தின்னரோடு அடித்திருக்கிறீர்கள். மெதுவாகக் காயும் தின்னர், அல்லது வேறு நாள்.

பொடி ஒட்டினால்: பூச்சில்லாத கான்கிரீட் நடக்க நடக்கப் பொடி கக்கும். அடிப்பதற்குச் சற்று முன் தரையில் தண்ணீர் தெளியுங்கள், கம்ப்ரசர் வயரை நனைக்காமல்.

ஐசோசயனேட் கலந்த இரட்டைக் கலவை பெயிண்ட் என்றால் வீட்டில் அடிக்காதீர்கள். சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். பெயிண்ட் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## நேற்று வரை மூடிய கதவு இன்று மூட மறுக்கிறது

இந்த ஒன்றுக்காகவே இதை எழுதத் தொடங்கினேன். சேஸி தனியாக இல்லாத, பாடியே முதுகெலும்பாக இருக்கும் கார்களில் கதவின் இடைவெளிதான் நாடி. அதைப் பார்த்தால் உடம்பில் என்ன நடக்கிறதென்று தெரியும்.

முதல் கேள்வி: கார் எதன் மேல் நிற்கிறது? ஸ்டாண்டில் நின்றால் இறக்கிச் சக்கரத்தில் நிறுத்திவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். மூடினால் கீலைத் தொடாதீர்கள். ஸ்டாண்டுகள் வைத்த இடத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கேரேஜ் தரை வாசலை நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பது வழக்கம், அது ஒரே சாய்வாக இருந்தால் காருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால்தான் பாடி முறுக்கிக்கொள்ளும். ரசமட்டத்தை வைத்து இதைப் பிடிப்பது கஷ்டம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை எடுத்து நான்கு ஸ்டாண்டு தலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எனக்குப் பின் இடது மூலையில் 11 மி.மீ. குறைந்தது. எஃகுத் தகடு வைத்துச் சரிசெய்ததும் கதவு ‘டப்’ என்று மூடியது. இரண்டு நாள் கீலோடு மல்லுக்கட்டியது வீண்.

மட்டம் சரி, ஆனாலும் மூடவில்லை என்றால் ஸ்டாண்டு எங்கே தாங்குகிறது என்று பாருங்கள். நடுத்தகட்டில் வைத்திருந்தால் முன்னும் பின்னும் தொங்கும். தயாரிப்பாளர் சொன்ன ஜாக்கி இடங்களிலோ அச்சுகள் பிடிக்கும் இடங்களுக்கு அருகிலோ வையுங்கள். ஸ்டாண்டின் கால் கான்கிரீட்டில் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய தரையில் ஸ்டாண்டு அடியில் தடித்த ஒட்டுப்பலகை கட்டாயம்.

அடுத்தது, சில் (sill) பகுதியை வெட்டியிருக்கிறீர்களா? கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிதான் காரின் பாதி பலம். கதவு வாயில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு பிடிக்காமல் வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். கதவின் மேல் பின்மூலை இடைவெளி சிறுத்து, கீழே அகன்றிருந்தால் அதுதான். புதுத் தகடு வெல்டு செய்வதை நிறுத்துங்கள். தொய்ந்தபடியே வெல்டு செய்தால் அந்தக் கோணல் நிரந்தரம். மெதுவாக ஜாக்கி கொடுத்து இடைவெளி பழைய அளவுக்கு வந்ததும் குறுக்குக் கம்பி பிடித்து, அப்புறம் தொடருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் கீல். கதவின் நுனியைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள், ஆடினால் ஆணி தேய்ந்திருக்கிறது.

நிபுணரிடம் போகும் எல்லை: அடித்தகட்டின் ஒரே மாதிரியான துளைகளுக்கு இடையே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ. தாண்டினால் பாடி ஜிக் (பாடியை அளவுப்படி பிடித்து நிமிர்த்தும் சட்டம்) உள்ள பட்டறை.

## மாதக்கணக்கில் நின்ற கார் கிளம்பவில்லை

செல்ஃப் சுற்றவில்லை: பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. அளவு சரியாக இருந்தால் பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் தேயுங்கள். எபாக்சி பிரைமருக்கு மேல் அதை மாட்டியிருப்பீர்கள், பெயிண்ட் வழியே கரண்ட் போகாது. பேட்டரியைக் கான்கிரீட் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்பது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது. சார்ஜர் மாட்டுவதற்கு முன் ஒன்று: 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த்.

சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை: ஓதம் உள்ள கேரேஜில் பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) முகத்தில் மெல்லிய படலம் படியும். நைஸ் உப்புத்தாளால் ஒரு இழுப்பு, கரைப்பானால் ஒரு துடைப்பு. இடைவெளி பல லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிப்யூட்டர்களில் 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் சீக்கிரமே கருகினால் கண்டென்சர். கடைசியில்தான் காயில்.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை: டேங்க் மூடியைத் திறந்து முகருங்கள். வார்னிஷ் வாடை என்றால் முழுக்க வடித்துவிடுங்கள். எஸ்யூ கம்பெனியின் மின் பெட்ரோல் பம்பு உள்ள காரில் காதைக் கொடுங்கள்: சாவி போட்டதும் கொஞ்சம் ‘டிக் டிக்’ அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் காற்றை இழுக்கிறது அல்லது கார்புரேட்டர் ஊசி மூடவில்லை. அடிக்கவே இல்லையென்றால் பம்பின் பாயிண்ட்.

## சக்கரம் சுற்ற மறுக்கிறது

ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தரையில் விட்டால் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டும். டிரம்மின் ஓரத்தைச் சுற்றிலும் தட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். இனிமேல் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பெடலை அழுத்திய பிறகு மட்டும் பிடித்துக்கொண்டால், அந்தச் சக்கரத்தின் காற்றெடுக்கும் திருகைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. மூடிவிட்டு மறுபடி அழுத்தி, இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் இணைப்பைத் தளர்த்துங்கள். அதில் விடுபட்டால் பெடலுக்கு ஆட்டம் இல்லை அல்லது மாஸ்டர் சிலிண்டர். விடுபடாவிட்டால் ரப்பர் ஓஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது, எல்லா ஓஸ்களையும் மாற்றுங்கள்.

பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் காற்றடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாம் முடிந்தும் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறதென்றால் காரை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள், அவரை வரவழையுங்கள்.

## பெட்ரோல் வாடை அடிக்கிறது

இங்கே மட்டும் வரிசை வேறு. முதலில் ஷட்டரைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஹீட்டர் எரிந்தால் கேஸை வெளியே மூடுங்கள். ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக ஓடி, காருக்கு அடியில் வேலை செய்யத் தோண்டிய இறங்குகுழியில் தேங்கும். குழியில் இறங்கிப் பார்க்கிற எண்ணமே வேண்டாம்.

வாடை போன பிறகு டார்ச்சோடு வாருங்கள். ஓஸ் இணைப்பு, கார்புரேட்டர் வழிவு, டேங்கின் அடித் தையல், இந்த வரிசையில். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும், அதைத் தாங்கும் ஓஸ்தான் வேண்டும். டேங்கில் ஊசித் துளை என்றால் நீங்கள் வெல்டு வைக்காதீர்கள். காலி டேங்க் நிறைந்ததைவிட ஆபத்தானது. அதைச் சுத்தம் செய்து அடைக்கத் தெரிந்த பட்டறை இருக்கிறது, அல்லது புது டேங்க்.

## ஷட்டர் பாதியில் நிற்கிறது

பக்கத் தடத்தில் கிரைண்டர் பொடியும் பட்டித் தூசியும் அடைத்திருக்கும், துலக்கினாலே ஓடும். தடம் வளைந்திருந்தால் ரப்பர்ச் சுத்தியால் நிமிர்த்தலாம். ஷட்டர் திடீரென்று கனமாகிவிட்டது, ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் ஸ்பிரிங். அதன் போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். முறுக்கு ஒரே நொடியில் அவிழும். மேலே நின்றிருந்தால் அடியில் கட்டை முட்டுக் கொடுங்கள், காரை வெளியே எடுக்க முயலாதீர்கள், ஷட்டர் ஆளுக்குப் போன் செய்யுங்கள்.